வெப்பப் பாடம் எழுதப் போகிறீர்களா? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் இயற்பியல் கற்பித்தவள் நான். பாடம் எழுதும் குழுக்களிலும் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒளியியலோ மின்னியலோ எழுதத் தயங்காத ஆசிரியர்கள்கூட "வெப்பம்" என்ற அத்தியாயம் கைக்கு வந்ததும் சற்றுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பொருள் கடினமானது என்பதால் அந்தத் திணறல் வருவதில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருள் என்பதுதான் சிக்கல். அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாடத்தை எந்த வாக்கியத்தில் தொடங்குவது?

வரையறையில் தொடங்க வேண்டாம். "வெப்பம் என்பது ஒரு வகை ஆற்றல்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், பிள்ளை அதை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடும். நான் முதல் பத்தியில் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுப்பேன். பெஞ்சின் மரப்பலகையில் ஒரு கையையும் அதன் இரும்புக் காலில் இன்னொரு கையையும் வை. எது அதிகக் குளிர்ச்சி? நாற்பது பேரும் இரும்பு என்பார்கள். இரண்டும் இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்தவை. வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெப்பநிலை காட்டும்.

"அப்படியானால் என் கை பொய் சொல்கிறதா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கை பொய் சொல்லவில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது. தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதையே கை உணர்கிறது. இரும்பு மரத்தைவிடச் சில நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் இரும்பைத் தொட்ட கை சட்டென்று வெப்பத்தை இழக்கிறது.

ஒரு குறிப்பு. இதைக் காலை முதல் பாடவேளையில் செய்யும்படி பாடத்திலேயே எழுதுங்கள். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி. கோடை நண்பகலில் வகுப்பறையும் அதே அளவுக்கு வந்துவிட்டால், மரமும் இரும்பும் கைக்கு ஒன்றுபோலத் தெரியும். சோதனை தோற்றுவிட்டது என்று ஆசிரியர் நினைப்பார். உண்மையில் அதுவும் ஓர் அழகான விளைவுதான், ஆனால் முதல் நாளுக்கு உகந்தது அல்ல.

வெப்பம், வெப்பநிலை இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. இது விளங்கிய பிள்ளைக்கு மற்றவை தானாக அவிழும். விளங்காத பிள்ளை சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுக்கும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஆகவே பக்கங்களைச் சிக்கனப்படுத்துவதானால் வேறெங்காவது செய்யுங்கள்.

எனக்குக் கைகொடுத்த உதாரணம் கம்பி மத்தாப்பு. அதிலிருந்து தெறிக்கும் பொறிகள் ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பநிலை கொண்டவை. தீபாவளிக்கு மத்தாப்புப் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பொறி புறங்கையில் விழுந்த அனுபவம் இருக்கும். சுருக்கென்று தைக்கும், அவ்வளவுதான். அதே கையில் ஒரு கரண்டி கொதிநீர் பட்டால் கொப்புளம் வந்துவிடும். ஆயிரம் டிகிரி ஏன் சுடவில்லை, நூறு டிகிரி ஏன் சுட்டது?

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒரு பொறியின் நிறை மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு என்று கொள்வோம். அது இரும்புத் துகள். ஆயிரம் டிகிரி தணியும்போது அது கைக்குத் தருவது ஒரு ஜூலில் இருநூறில் ஒரு பங்குதான். ஐந்து கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து உடலின் 37 டிகிரிக்கு ஆறும்போது தருவது ஏறக்குறைய 1,300 ஜூல். வெப்பநிலை பத்து மடங்கு அதிகம். ஆனால் கைமாறிய ஆற்றலோ இரண்டரை லட்சம் மடங்கு குறைவு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே அச்சிடுங்கள். (பொறி சுடாவிட்டாலும் மத்தாப்பின் கம்பி சுடும், துணி தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.)

"பொருளில் வெப்பம் இருக்கிறது" என்று எழுதலாமா?

பதினொன்றாம் வகுப்புக்கு எழுதினால் கூடாது. பொருளில் இருப்பது அக ஆற்றல், அதாவது அதன் துகள்களிடம் உள்ள மொத்த ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும்போது மட்டுமே அந்த ஆற்றலுக்கு வெப்பம் என்று பெயர். ஒன்பதாம் வகுப்பில் இதை இலக்கணமாகப் புகுத்த வேண்டாம். ஆனால் "வெப்பம் கைமாறியது", "வெப்பத்தை ஏற்றது", "வெப்பத்தை இழந்தது" என்ற வினைகளை மட்டுமே தொடக்கம் முதல் பயன்படுத்துங்கள். "வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கிறது" என்ற தொடரைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பின்னால் வரும் ஆசிரியர் எதையும் அழித்து எழுத வேண்டியிருக்காது.

பேச்சு வழக்கில் இருக்கும் "சூடு" என்ற சொல்லைப் பாடத்தில் விடலாமா?

விடலாம், விட்டே ஆக வேண்டும். பிள்ளை வகுப்புக்குள் வரும்போது கொண்டுவரும் சொல் அதுதான். "சூடு" என்றால் வெப்பநிலை ("காபி சூடாக இருக்கிறது"), வெப்பம் ("அடுப்பின் சூடு படுகிறது"), தீக்காயம் ("சூடு கண்ட பூனை") எல்லாமும்தான். போதாததற்கு மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று உணவின் குணமும் அதே சொல்லில் அடங்குகிறது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாம்பழமும் சூடுதான் என்று பாட்டி சொல்வார். அவர் சொல்வது வெப்பமானி அளக்கும் சங்கதி அல்ல என்பதை நான்கு வரியில் மரியாதையோடு பிரித்துக் காட்டுங்கள். பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளை இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொள்ளும்.

அதே சமயம் நம் வீட்டுச் சொற்களில் எவ்வளவு துல்லியம் இருக்கிறது என்பதையும் பாடம் எழுதுகிறவர் கவனிக்க வேண்டும். "கைபொறுக்கும் சூடு" என்பது ஓர் அளவீடு. பாலுக்கு உறை ஊற்றும் அம்மா வெப்பமானி இல்லாமலேயே 40 டிகிரியை ஒட்டி நிறுத்திவிடுகிறார். "வெக்கை", "புழுக்கம்" என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். காற்று உலர்ந்து அனலடிப்பது வெக்கை. காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்பது புழுக்கம். மே மாத வேலூரையும் சென்னையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினால், ஆவியாதலும் ஈரப்பதமும் வரையறையே இல்லாமல் விளங்கிவிடும். இந்தச் சொற்கள் இருக்கும்போது நான் பிறமொழிப் பாடநூலின் பனிப்புயல் உதாரணத்தைத் தேடிப் போக மாட்டேன்.

கலைச்சொற்களில் எதைப் பின்பற்றுவது?

உங்கள் மாணவர் எழுதப்போகும் தேர்வு எந்தச் சொல்லைக் கேட்கிறதோ அதை. தமிழ்நாட்டில் தன் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோகிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்), உள்ளுறை வெப்பம், வெப்பச்சலனம் என்கிறோம். இலங்கையில் இவையே தன்வெப்பக் கொள்ளளவு, மறை வெப்பம், மேற்காவுகை. இரண்டு மரபும் நல்லவை. வெப்பத்தைச் சுமந்துகொண்டு பாய்மமே (நீரோ காற்றோ) மேலே போவதை மேற்காவுகை என்ற சொல் கண்ணுக்குக் காட்டுகிறது. அடைப்புக்குறிப்பாகவாவது அதை ஒருமுறை சொல்லுங்கள்.

"உள்ளுறை" என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். தமிழ் வகுப்பில் உள்ளுறை உவமம் என்று கேள்விப்பட்ட பிள்ளைக்கு அது வெளிப்படச் சொல்லாமல் உள்ளே தங்கும் பொருள் என்று தெரியும். பனிக்கட்டி உருகும்போது அது ஏற்கும் வெப்பத்தை வெப்பமானி வெளியே காட்டுவதே இல்லை. அந்தப் பெயரை விளக்கினாலே பாதிப் பாடம் நடத்தியாகிவிடும்.

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை அதையே பிடியுங்கள். ஒரே கருத்துக்கு மூன்று பெயர் வைப்பது நடையழகு ஆகாது; பிள்ளை அவற்றை மூன்று கருத்துகள் என்றே எடுத்துக்கொள்ளும்.

எந்த வகுப்புக்கு எது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் வெப்பக் கைமாற்றமும் தன் வெப்ப ஏற்புத்திறனும் நிலைமாற்றமும் வருகின்றன. பத்தாம் வகுப்பில் வெப்ப விரிவும் வாயு விதிகளும். வெப்ப இயக்கவியல் பதினொன்றில். மேல் வகுப்புச் சரக்கைக் கீழே இறக்க வேண்டாம்.

வரலாற்றுக்கு எவ்வளவு இடம் தரலாம்?

பெயரும் ஆண்டும் கொண்ட பெட்டிச் செய்தியாக இருந்தால் ஒரு வரிகூட வேண்டாம். கருத்தை நகர்த்துமானால் ஒரு முழுப் பக்கம் தாருங்கள். மூன்று பேர் போதும்.

முதலில் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கம், கிளாஸ்கோ. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீர், மற்றொன்றில் அதே அளவு பனிக்கட்டி. இரண்டையும் ஒரே பெரிய கூடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நீர் அரை மணி நேரத்தில் ஏழு ஃபாரன்ஹீட் டிகிரி ஏறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வர ஏறக்குறைய பத்தரை மணி நேரம் ஆயிற்று. இருபத்தொரு மடங்கு நேரம்! அத்தனை நேரமும் கூடத்தின் காற்று அதற்கும் வெப்பத்தைத் தந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெப்பம் எங்கே போயிற்று? ஒரு கடிகாரமும் ஒரு வெப்பமானியும் மட்டும் வைத்துக்கொண்டு, பனிக்கட்டி உருக ஏற்கும் வெப்பத்துக்கு அவர் பெற்ற மதிப்பு, கிராமுக்கு ஏறக்குறைய 77 கலோரி (ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம் ஒரு கலோரி). இன்றைய மதிப்பு 80. இந்தச் சோதனையை எழுதும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கருவிப் பஞ்சம் உள்ள பள்ளிகளின் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து ரம்ஃபோர்டு. வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பாய்மம் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். மியூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழல் துளையிடும்போது எழும் வெப்பத்தைக் கண்ட ரம்ஃபோர்டு, மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, சுற்றிலும் நீர் ஊற்றிப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் நீர் கொதித்தது. 1798இல் அதை வெளியிட்டார். சுழற்றச் சுழற்ற வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது எப்படி ஒரு பொருளாக இருக்க முடியும்?

மூன்றாவது ஜூல். மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், பீர் காய்ச்சும் தொழிற்குடும்பத்தில் பிறந்தவர். எடைகளை விழவிட்டு, அவை நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும்படி செய்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840களில் அளந்தார். ஒரு கலோரி இன்று 4.186 ஜூல்; அவர் 1850இல் வெளியிட்ட மதிப்பு இதற்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குள் நெருங்கி வந்துவிட்டது.

கணக்குகளை எப்படி அமைப்பது?

"200 கிராம் நிறையுள்ள இரும்புக் குண்டு 100 டிகிரிக்குச் சூடேற்றப்பட்டு..." என்று தொடங்கும் கணக்கை நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். அந்தக் குண்டை யார் சூடேற்றினார்கள், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் குளியல் தண்ணீரில் தொடங்குவேன்.

குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, அடுப்பில் கொதித்த நீர் 100 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி. எந்த விகிதத்தில் கலப்பது? கொதிநீர் இழக்கும் வெப்பம், அதன் நிறையோடு 60 டிகிரியைப் பெருக்கிய அளவுக்கு. பச்சைத் தண்ணீர் ஏற்பது, அதன் நிறையோடு 12 டிகிரியைப் பெருக்கிய அளவுக்கு. இரண்டும் சமம் என்றால் ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர். பதினெட்டு லிட்டர் வாளிக்கு மூன்று லிட்டர் கொதிநீர். தன் வெப்ப ஏற்புத்திறனின் மதிப்பே தேவைப்படவில்லை, இரண்டு பக்கமும் நீர்தானே! முதல் கணக்கில் சூத்திரத்தின் பொருள் மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டில் பெரியவர் துணையோடு, பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுக் கலந்து பார்த்தால் 40க்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஏன்? வாளி ஏற்றது, ஆவி எடுத்துச் சென்றது. "கணக்கு தப்பு" என்று சொல்லவரும் பிள்ளை, விடுபட்டவற்றைத் தேடத் தொடங்கும் இடம் இது.

அதையே நீட்டுங்கள். மூன்று லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க, மூன்றை 4,200ஆலும் 72ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 9 லட்சம் ஜூல். சமையல் எரிவாயு கிலோகிராமுக்கு 4.6 கோடி ஜூல் அளவுக்குத் தரும். வெப்பம் முழுவதும் நீருக்கே போனால் 20 கிராம் போதும். பாதி வீணானால் 40 கிராம். ஒன்பது லட்சம் ஜூல் என்பது எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமென்றால், அதே ஆற்றலால் ஒரு டன் எடையைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியையும் தாண்டி 92 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம் என்று எழுதுங்கள். மூன்று லிட்டர் வெந்நீருக்கு இவ்வளவா என்று வாய் பிளப்பார்கள். ரம்ஃபோர்டின் குதிரைகள் ஏன் இரண்டரை மணி நேரம் சுற்றின என்பதும் அப்போது விளங்கும்.

அலகுகளில் எங்கே தவறு நேர்கிறது?

கிராமுக்கும் கிலோகிராமுக்கும் இடையில். நான் பங்கெடுத்த ஒரு நூலில், அட்டவணை கிலோகிராமுக்கு 4,200 ஜூல் என்று சொன்னது. இரண்டு பக்கம் தள்ளி எடுத்துக்காட்டு கிராமுக்கு 4.2 என்று எடுத்துக்கொண்டது. இரண்டும் சரி. ஆனால் ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஒன்றின் எண்ணையும் மற்றொன்றின் அலகையும் சேர்த்துக்கொண்டு ஆயிரம் மடங்கு தவறான விடையோடு வந்தார்கள். பிழை அவர்களுடையது அல்ல, எங்களுடையது. ஓர் அத்தியாயத்தில் ஒரே அலகு முறைதான் இருக்க வேண்டும்.

"டிகிரி கெல்வின்" என்று எழுதக் கூடாது, கெல்வின் மட்டும்தான். வெப்பநிலை வேறுபாடு கெல்வினிலும் செல்சியஸிலும் ஒரே எண் என்பதையும் ஒருமுறை பெரிதாகச் சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகள் வேறுபாட்டோடும் 273ஐக் கூட்டிவிடுகிறார்கள்.

உள்ளுறை வெப்பத்துக்கு நல்ல உதாரணம் எது?

இட்லிப் பானை, மண்பானை, இரண்டும்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்துபோனவர்கள் இல்லாத வீடு இல்லை. ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது ஏறக்குறைய 265 ஜூல் தருகிறது. ஒரு கிராம் நீராவி முதலில் நீராக மாறும்போதே 2,256 ஜூலைக் கொட்டிவிட்டு, பிறகு அந்த 265ஐயும் தருகிறது. ஒரே 100 டிகிரி. கைக்கு வரும் வெப்பமோ ஒன்பது மடங்குக்கும் மேல்.

மண்பானை அதையே திருப்பிப் போட்ட கதை. பத்து லிட்டர் நீரை ஐந்து டிகிரி தணிக்க 2.1 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். பானையின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும், அறை வெப்பநிலையில், சுமார் 2,430 ஜூலை எடுத்துச் செல்கிறது. கணக்குப் போட்டால் 86 கிராம். ஒரு சிறு டம்ளர்கூட நிறையாத நீர் ஆவியாகிப் பத்து லிட்டரைக் குளிரவைக்கிறது. (வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராதிருந்தால் என்ற நிபந்தனையோடு.) அடைமழை நாளில் பானைத் தண்ணீர் ஏன் குளிர்வதில்லை, பழைய பானை ஏன் புதியதைப்போல் குளிர்விப்பதில்லை என்ற கேள்விகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். விடையைப் பாடத்தில் எழுதாதீர்கள்.

தண்டவாள இடைவெளி உதாரணத்தை இன்னும் எழுதலாமா?

பழைய நூல்களில் இது தவறாமல் இருக்கும்: கோடையில் விரிவதற்காகத் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுகிறார்கள். பதின்மூன்று மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும் என்பது சரியான கணக்கு. ஆனால் இன்று முதன்மைப் பாதைகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். ரயிலில் போகும் பிள்ளை அந்தப் பழைய தடதட ஓசையையே பெரும்பாலும் கேட்பதில்லை. சன்னல் வழியே எட்டிப் பார்த்து இடைவெளியைக் காணாமல் வரும் பிள்ளைக்குப் புத்தகத்தின்மேல் நம்பிக்கை போய்விடும்.

அந்த உதாரணத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; முடித்துவைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 40 டிகிரிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் நீள வேண்டும். நீளவில்லையே, அந்த விரிவு எங்கே போயிற்று? சிலீப்பர் கட்டைகளும், பிடிப்பான்களும், சுற்றிலும் கொட்டிய சரளைக்கல்லும் தண்டவாளத்தை நீளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத இரும்பு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 40 டிகிரிக்கு அந்த விசை, ஏறக்குறைய 75 டன் எடை அழுத்துவதற்குச் சமம். யங் குணகம் (ஒரு பொருள் நீளவோ குறுகவோ எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) படித்த பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இதைத் தானே கணக்கிட முடியும். கோடை, குளிர் இரண்டுக்கும் நடுவான ஒரு வெப்பநிலையில் தண்டவாளத்தைப் பொருத்துவதால் இந்த விசை இரு பக்கமும் கட்டுக்குள் நிற்கிறது. நீண்ட பற்றவைப்பின் இரு முனைகளில் விரிவு இணைப்புகள் வைக்கிறார்கள். கடும் வெயிலில் பாதை நெளிந்துவிடாமல் ஊழியர்கள் கண்காணிப்பது இதனால்தான்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டையை 400 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அதன் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடும். மரச்சக்கரத்தின்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பட்டை சுருங்கி, ஆரக்கால்கள் முறுகும் ஓசையோடு மரத்தைக் கவ்விக்கொள்ளும். நான் சிறுமியாக இருந்தபோது பட்டறையில் அந்த ஓசையைக் கேட்டிருக்கிறேன்.

கடத்தல், சலனம், கதிர்வீச்சு பற்றி?

"வெப்பம் மேலே எழும்" என்று எழுதாதீர்கள். சூடான காற்று எழும். "கம்பளி வெப்பம் தரும்" என்றும் எழுதாதீர்கள். ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றியும் இன்னொன்றைத் திறந்தும் வைத்து, எது முதலில் உருகும் என்று கேளுங்கள். வகுப்பில் பெரும்பாலானோர் கம்பளிக்குள் இருப்பது என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துக் காட்டினால் போதும், விளக்கமே வேண்டியதில்லை.

கடற்காற்றுக்கு நீரின் தன் வெப்ப ஏற்புத்திறனை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை. கடலில் வெப்பம் ஆழம்வரை கலக்கிறது, ஒரு பகுதி ஆவியாதலுக்குச் செலவாகிறது. மணலிலோ மேல்தோல் மட்டுமே காய்கிறது. ஒரு வரி சேர்த்தால் முழுமையாகும்.

செய்முறைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாதரச வெப்பமானியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் செய்முறையை எழுதாதீர்கள். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. அந்த நிலமும் அங்கு வேலை செய்தவர்களும் பட்ட பாட்டைத் தெரிந்த நாம், உடையும் கண்ணாடிக் குழாயை நாற்பது பேருக்கு நீட்டக் கூடாது. சாராய வெப்பமானியோ மின்னணு வெப்பமானியோ போதும்.

படங்கள்?

சலனத்தைக் காட்டும் அம்புக்குறிகளைப் பாத்திரத்தின் நடுவில் மேல்நோக்கியும் ஓரங்களில் கீழ்நோக்கியும் போடுங்கள், அடுப்பு நடுவில் இருந்தால். ஓவியர் எங்கே சுடரை வரைந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

எழுதிய பாடம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சக ஆசிரியரிடம் கொடுத்தால் பிழை தெரியும். புரிகிறதா என்பது தெரியாது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவரை எதிரில் உட்காரவைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். விளக்க வேண்டாம். பிள்ளை தடுமாறும் இடம், இரண்டாம் முறை வாசிக்கும் இடம், குரல் இறங்கும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் குறியுங்கள். சென்ற முறை நான் அப்படிச் செய்தபோது உள்ளுறை வெப்பப் பக்கத்தில் மட்டும் பதினொரு குறிகள். பெரும்பாலானவை "ஆகையால்", "எனவே" என்று நான் ஒட்டவைத்த நீண்ட வாக்கியங்கள். வெட்டி எழுதிய பிறகு நான்காகக் குறைந்தது.

வாசித்து முடித்துவிட்டு அந்தப் பெண் புத்தகத்தை மூடாமல் கேட்டாள்: "டீச்சர், பனிக்கட்டியிலிருந்தும் வெப்பம் வெளியே போகுமா?"

பூஜ்யம் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும் உறைபெட்டிக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கச் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "போகும்" என்றாள். அவள் கேள்வியை அவள் கேட்ட சொற்களிலேயே பயிற்சியின் முதல் வினாவாக வைத்திருக்கிறேன்.